ஓரத்து சீட்டும் ரெண்டாவது செல்லோவும்

டேய் மாப்ள,

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு மெசேஜ் பார்த்தப்புறம்தான் நிம்மதி. சொட்டு மருந்த நேரத்துக்கு விடு, உன்ன நம்ப முடியாது. வியன்னாவுல குளிர் ஆரம்பிச்சாச்சு, நாலரைக்கே இருட்டிடுது.

போன வாரம் ஒரு சின்ன ஹால்ல வியன்னா இசையமைப்பாளர் ஷூபர்ட்டோட சி மேஜர் ஸ்ட்ரிங் குயின்டெட், அதாவது அஞ்சு பேர் தந்தி வாத்தியத்துல வாசிக்கிற பீஸ், கேட்டேன். லேட்டா டிக்கெட் எடுத்ததுல ஓரத்து சீட்டு, ஆனா அதுவே அதிர்ஷ்டமாப் போச்சு, ரெண்டாவது செல்லோ (வயலின் ஜாதியில பெருசு, அடிக்குரல்) வாசிச்ச லேடி எனக்கு நாலடி தள்ளி. அஞ்சு பேர்னா மொசார்ட் ரெண்டு வயலின் போக ரெண்டு வயோலா (வயலின விட கொஞ்சம் பெருசு) ஒரு செல்லோ வெச்சுத்தான் எழுதினார், ஷூபர்ட் வயோலாவ ஒண்ணாக்கி செல்லோவ ரெண்டாக்கிட்டார் (இன்னொரு இசையமைப்பாளர் போக்கெரினி முன்னாடியே பண்ணதுதான், ஆனா அவரே செல்லோக்காரர், சொந்தக் கட்சிக்கு ஓட்டு போட்ட மாதிரி). அடித்தளத்த ஒருத்தர் பாத்துக்கிறதால இன்னொரு செல்லோ ஜாலியா மேல ஏறிப் பாடுது.

மேற்கத்திய சங்கீதம்னாலே இழுவைன்னு ஹாஸ்டல்ல கிண்டல் பண்ணுவியே, ரெண்டாவது மூவ்மென்ட் (பகுதி), அடாஜியோன்னு மெதுவா போறது, நிஜமாவே இழுவைதான்டா. நடுவுல இருக்கிற மூணு பேர் வில்ல மெதுவா, மூச்சு விடுற மாதிரி இழுக்கிறாங்க, மேல முதல் வயலின் ரெண்டு மூணு ஸ்வரம் சொல்லிட்டு நிறுத்திடுது, கீழ அந்தம்மா வில் படாம வெறும் விரலால ஒத்தொத்தையா மீட்டுறாங்க. மீட்டிட்டு விரல் கம்பிய விட்டு விலகுறது வரைக்கும் தெரிஞ்சுது. ஈ மேஜர் ஸ்கேல்ல அப்படியே போய்ட்டிருந்தது, ஒரு ட்ரில் (பக்கத்து ரெண்டு ஸ்வரம் வேகமா மாறி மாறி), டக்குன்னு எஃப் மைனர்னு வேற ஸ்கேல், புயல். புயல் ஓஞ்சு பழைய மெட்டு திரும்பி வருது, ஆனா ரெண்டாவது செல்லோவுக்கு இன்னும் அடங்கல, அடியில பொடிப்பொடி ஸ்வரமா ஓடிக்கிட்டே இருக்கு, வீட்ல சண்டை முடிஞ்சு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தப்புறமும் ஒருத்தர் கை மட்டும் நடுங்குமே அந்த மாதிரி. ரெக்கார்டிங்ல எத்தனையோ தடவ கேட்டிருக்கேன், இத கவனிச்சதே இல்ல.

இத எழுதினப்போ ஷூபர்ட்டுக்கு 31 வயசு. 1828 அக்டோபர் 2ஆம் தேதி ஜெர்மனியில லைப்சிக் ஊர் பப்ளிஷர் ப்ரோப்ஸ்டுக்கு, குயின்டெட் முடிச்சிட்டேன்னு லெட்டர் போடுறார், அந்தாளோ பாட்டு, பியானோ பீஸ் இருந்தா அனுப்புங்கன்னு பதில் போடுறான், விக்கிறதுதானே அவன் கவலை. நவம்பர் 19ல ஷூபர்ட் போயிட்டார். மேடையேறினது 1850ல, அச்சானது 1853ல, அவர் கைப்பட எழுதின பிரதி இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல. அவர் செத்தது அண்ணன் ஃபெர்டினாண்ட் வீட்ல, கெட்டன்ப்ரூக்கன்காஸ்ஸ 6ஆம் நம்பர். நான் தினம் ட்ரெயின் ஏறுற ஸ்டேஷன் பேரே அந்தத் தெருப் பேர்தான், இத்தன வருஷமா அங்க காய்கறி வாங்கிட்டு திரும்பிட்டிருந்திருக்கேன், வெட்கமா இருந்துச்சு.

கடைசி மூவ்மென்ட் டான்ஸ் மாதிரி குஷியா ஓடி முடியப் போறப்போ, சி ஸ்வரத்துல நிக்கிறதுக்கு முன்னாடி அரை ஸ்வரம் மேல டி ஃப்ளாட்ட ஒரு அழுத்து அழுத்திட்டுத்தான் இறங்குறாங்க. கைதட்ட தூக்கின கை எனக்கு அப்படியே நின்னுடுச்சு.

லிங்க் அனுப்புறேன், மொத்தம் ஐம்பது நிமிஷத்துக்கு மேல வரும், அம்மா தூங்கினப்புறம் கேளு. போன் ஸ்பீக்கர்ல மட்டும் போட்டுடாத, ஹெட்போன் மாட்டு, இல்லன்னா ரெண்டாவது செல்லோ சுத்தமா காணாமப் போயிடும்.