ஆடியோ பக்கம் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சித்தி போன் செய்திருந்தார். "எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் (இ.இ.இ.) முடித்து, பாண்டியில் எம்.டெக். வரைக்கும் வந்துவிட்டு இப்போது ஆடியோ என்கிறான். திருவிழாவுக்கு மைக் செட் கட்டப் போகிறானா?" என்று கேட்டார். நீ கேட்டது, நான் பார்க்கும் ஆடியோ சிக்னல் பிராசசிங் வேலைக்கு, அதாவது மைக்கில் வரும் சத்தத்தைக் கணக்குப் போட்டுத் திருத்தும் வேலைக்கு, வரலாமா என்பது. உன்னைப் போல இன்னும் நாலைந்து பேர் இதையே கேட்டுக்கொண்டிருப்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் மைக் செட். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பப் புகுந்து 'கீ'யென்று ஊளையிட்டால் ஆபரேட்டர் ஓடி வந்து மைக்கைத் திருப்பி வைப்பார். ஏதோ ஒரு அதிர்வெண்ணில், சத்தம் ஒரு சுற்று போய் வரும்போது தேயாமல் வளர்ந்துவிடுகிறது. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் நீ எழுதிய அதே ஃபீட்பேக்தான். காது கேட்கும் மிஷினிலும் இந்த ஊளை உண்டு, ஆனால் காதோடு ஒட்டிக் கிடக்கும் மைக்கை எங்கே திருப்புவது? ஸ்பீக்கரிலிருந்து மைக்குக்குச் சத்தம் வரும் பாதையை ஒரு அடாப்டிவ் ஃபில்டர் (நிலைமைக்கு ஏற்பத் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும் வடிகட்டி) விடாமல் கணித்து, கணித்ததைக் கழித்துக்கொண்டே இருக்கும். 1960-ல் விட்ரோவும் ஹாஃபும் கொடுத்த எல்.எம்.எஸ். முறைதான் (கணிப்பில் வரும் பிழையைப் பார்த்துப் பார்த்துக் குறைத்துக்கொண்டே போவது) இதற்கெல்லாம் வேர். ஸ்பீக்கர் போனில் எதிரொலியை அடக்குவதும் அதே குடும்பம். ஆகவே படித்த இ.இ.இ. வீணாகப் போகிறது என்ற பேச்சை விட்டுவிடச் சொல்.

உன்னிடம் எனக்கு வேறொரு சந்தேகம். மிருதங்கம் வாசிப்பதால் ஆடியோ பிடிக்கிறது என்கிறாய். நல்லதுதான். வலந்தலையில் ஒட்டியிருக்கும் கரணைதான், அந்தக் கறுப்பு வட்டம்தான், அந்தத் தோலின் மேல்சுரங்களை இசைவாக்குகிறது என்று சி.வி.ராமனே 1920-ல் 'நேச்சர்' இதழில் எழுதியிருக்கிறார். 2011-ல் பார்சிலோனாவில் தொடங்கிய, பல நாட்டு இசையைக் கம்ப்யூட்டரால் ஆராயும் காம்ப்மியூசிக் திட்டத்தில், ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஹேமா மூர்த்தியின் குழு கர்நாடக இசையை எடுத்துச் செய்தது. கமகம் வரும் இடத்தில் சுருதியைப் பிடிப்பது இன்றைக்கும் தலைவலி. ஒரு தடவைக்கு அளக்க எடுக்கும் துண்டை, அதாவது ஜன்னலை, சின்னதாக வைத்தால் சுருதி துல்லியமாக வராது, பெரிதாக வைத்தால் கமகம் தேய்ந்துபோகும். ஆராய்ச்சிக்கு அருமையான இடம். ஆனால் சம்பளம் வரும் வேலைகளில் பெரும்பாலானவை பேச்சையும் இரைச்சலையும் சுற்றித்தான் இருக்கின்றன: போன் கால், காருக்குள் மைக், இயர்பட்ஸ், காது மிஷின். பாட்டு மேல் ஆசையோடு வந்து, நாள் முழுக்க டிராஃபிக் சத்தத்தையே கேட்க வேண்டியிருக்கிறதே என்று சலித்துப்போனவர்களை இங்கே பெங்களூரில் பார்க்கிறேன். அந்தச் சத்தம் உனக்குச் சுவாரசியமாக இருக்குமா என்பதுதான் கேள்வி.

அதைத் தெரிந்துகொள்ளக் கடற்கரைக்குப் போ. காலாப்பட்டோ, நம்ம தேவனாம்பட்டினமோ, எதுவானாலும் சரி. அலைக்குப் பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் தமிழில் பேசிப் பதிவு செய். புத்தகத்தில் முதலில் வருவது ஸ்பெக்ட்ரல் சப்ட்ராக்‌ஷன், 1979-ல் ஸ்டீவன் போல் (Boll) என்பவர் எழுதியது. பேச்சு தொடங்குமுன் அரை வினாடி இரைச்சலை அளந்து, அதைப் பேச்சிலிருந்து கழித்துவிடு என்பார்கள். வகுப்பில் ஓடும் ஃபேனுக்கு இது போதும், ஏனென்றால் ஃபேன் ஒரே சீராக இரையும். கடல் அப்படியில்லை. அலை பின்வாங்கும் நேரத்தில் அளந்துவிட்டு, அடுத்த அலை உடையும் நேரத்தில் கழித்தால் பாதி இரைச்சல் அப்படியே நிற்கும். சரி, கூடுதலாகக் கழிப்போம் என்று போனால் பேச்சும் சேர்ந்து தேயும். கழித்த பிறகும் ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் படத்தில்) அங்கங்கே தனிப் புள்ளிகள் மிஞ்சி, பேச்சுக்குப் பின்னால் கிணுகிணு என்று ஒலிக்கும். மியூசிக்கல் நாய்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தவருக்குச் சங்கீதத்தோடு என்ன கோபமோ! இன்னொன்றையும் கவனி. அலை உடையும் சீறலும் நம்ம 'ச'வின் சீறலும் மேல் அதிர்வெண்களில் ஏறக்குறைய ஒரே ஜாடை. கண்ணை மூடிக்கொண்டு கழித்தால் 'சரி' என்றது 'அரி' என்று கேட்கும். கிராஃபில் எஸ்.என்.ஆர். (இரைச்சலைவிடப் பேச்சு எத்தனை மடங்கு என்ற அளவு) ஏறியிருக்கும், காதுக்குப் பேச்சு மோசமாகியிருக்கும். இந்த இடத்தில் உனக்கு எரிச்சலைவிட ஆர்வம் அதிகமாக வந்தால் தயங்காமல் வா.

அப்புறம், லேப்டாப்பில் பைத்தானில் ஓட்டிப் படம் வரைந்ததோடு நிறுத்தாதே. 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில், அதாவது சத்தத்தை வினாடிக்கு 16,000 தடவை அளந்தால், 10 மில்லிசெகண்டுக்கு 160 சாம்பிள். அடுத்த 160 வந்து சேர்வதற்குள் இதை முடித்தாக வேண்டும், எப்போதாவது ஒருமுறை தவறினாலும் 'டிக்' என்று காதில் கேட்டுவிடும். சி-யில் எழுது. ஒரு சாதாரண மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் ஃபிக்ஸட் பாயிண்டில் (தசமப் புள்ளியை ஒரே இடத்தில் நிறுத்தி, முழு எண்களாலேயே கணக்குப் போடுவது) ஓட்டிப் பார். 16 பிட்டில் கூட்டல் வழிந்து பாஸிட்டிவ் எண் நெகட்டிவ்வாகப் புரளும் சத்தத்தை ஒருதரம் கேட்டால் போதும், சாச்சுரேஷன் (எண் எல்லையைத் தாண்டினால் புரளாமல் எல்லையிலேயே நிறுத்துவது) எதற்கு என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இன்டர்வியூவில் நாங்கள் தோண்டுவதும் இதைத்தான். நியூரல் நெட் தெரியும் என்று இப்போது எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். அதை நேரத்துக்குள் ஓட வைக்கத் தெரிந்தவர்கள் குறைவு. ழான்-மார்க் வாலின் திறந்த மூலமாக வெளியிட்ட, இரைச்சலை நீக்கும் ஆர்.என்.நாய்ஸ் நிரலைப் படி. பழைய சிக்னல் பிராசசிங்கையும் சின்ன நியூரல் நெட்டையும் அளவாகச் சேர்த்திருக்கிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், இது சின்னத் துறை. ஐ.டி. மாதிரி கேம்பஸில் கும்பலாக எடுக்க மாட்டார்கள். டால்பி, ஹார்மன் மாதிரி ஆடியோ கம்பெனிகளும் சிப் கம்பெனிகளும் பெங்களூர்ப் பக்கம் இருக்கின்றன, ஆனால் முதல் வேலை கிடைக்கக் கொஞ்சம் தாமதமாகலாம். அந்த இடைவெளியை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வை. எம்பெட்டட் வேலையில் (கருவிகளுக்குள் ஓடும் நிரல் எழுதுவது) நுழைந்து பிறகு ஆடியோ குழுவுக்கு மாறுவதும் நடக்கிற காரியம்தான், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

கடலில் பதிவு செய்ததை எனக்கு அனுப்பு, சுத்தம் செய்தது, செய்யாதது இரண்டையும். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக மட்டும் அனுப்பிவிடாதே. அது ஓபஸ் கோடெக்கில் சுருக்கிவிடும், நீ கெடுத்தது எது, அது கெடுத்தது எது என்று பிரிக்க முடியாது. டிரைவில் சுருக்காத வேவ் ஃபைலாகப் போட்டு லிங்க் அனுப்பு.

அன்புடன்,
அக்கா