பிள்ளைகளைத் தேடிச் சபா போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசை, நடனக் கச்சேரிகள் நடத்தும் சபாக்களில் இளைஞர் கூட்டம் குறைவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். டிக்கெட் விலை, செல்போன், சினிமா என்று காரணங்களை அடுக்கியிருந்தார் கட்டுரையாளர். எல்லாம் சரி, பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு எத்தனை சபாக்கள் போயிருக்கின்றன?

தில்லி ஐஐடி பேராசிரியர் கிரண் சேத் 1977இல் தொடங்கிய ஸ்பிக் மேக்கே அமைப்பு இதைத்தான் செய்துவருகிறது. பெரிய வித்வான்களைப் பள்ளி, கல்லூரிகளுக்கே அழைத்துப் போகிறார்கள். மாணவர்களிடம் காசு வாங்குவதில்லை. ஓடியாடி ஏற்பாடு செய்பவர்கள் தன்னார்வலர்கள், அவர்களில் மாணவர்களும் உண்டு.

சமீபத்தில் ஓர் அரசுப் பள்ளியில் இப்படியொரு விளக்கக் கச்சேரியைப் பார்த்தேன். மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, தொப்பி என்கிற இடது பக்கத் தோலில் அப்பினார். "உப்புமா ரவையா சார்?" என்று கேட்டான் ஒரு பையன். அதேதான் என்று சொல்லிவிட்டு, ரவை இல்லாமல் ஒரு தட்டு, ரவையோடு ஒரு தட்டு தட்டிக் காட்டினார். தொம் என்று கனத்து வந்த ஒலியில் மொத்த வகுப்பும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது. அப்புறம் தம்புராவின் தந்திக்கு அடியில் இருக்கும் ஜீவா நூலை நகர்த்தி, மொட்டையாகக் கேட்ட தந்தி ரீங்கரிப்பதைக் காட்டினார்கள். நானும் செய்து பார்க்கிறேன் என்று பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள். சபாவின் கடைசி வரிசையில் இருந்து இதையெல்லாம் பார்க்கவே முடியாது.

ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா 1900இல் தோன்றியது. மியூசிக் அகாடமி 1928இல். இன்றைய பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிரைப் பலரும் பழித்த 1930களின் தொடக்கத்திலேயே அதை மேடையேற்றிய துணிச்சல் அகாடமிக்கு இருந்தது. அந்தத் துணிச்சலோடு ஒப்பிட்டால், மாதம் இரண்டு பள்ளிகளுக்குப் போவது எந்தச் சபாவுக்கும் பெரிய காரியமில்லை. முக்கால் மணி நேரம் போதும். வர்ணம், ராகம் தானம் பல்லவி என்று முழுக் கச்சேரி வைத்துப் பிள்ளைகளைக் களைப்படைய வைக்க வேண்டாம். பரதமானால் நாலு அடவு, இரண்டு முத்திரை சொல்லிக் கொடுத்து ஆடவிடலாம். குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை இவற்றுக்கெல்லாம் அந்த நேரத்தில் இடம் கொடுக்கவே கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சேவை என்ற பெயரில் கலைஞர்களை, முக்கியமாகப் பக்கவாத்தியக்காரர்களை, வெறும் கையோடு அனுப்பக் கூடாது. டிசம்பர் இசை சீசனுக்கு நன்கொடை தரும் நிறுவனங்களிடம் இதற்கும் கேட்கலாம்.

டிசம்பரில் கச்சேரிப் பட்டியல் வெளியிடும்போது, அந்த ஆண்டு எந்தச் சபா எந்தப் பள்ளிக்குப் போனது என்பதையும் கேட்டு வாங்கிப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சென்னை