இடக்கைப் பிள்ளையும் கேட்சராகட்டும்

அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் அணிகளைப் பழக்கும் பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். பிள்ளை எந்தக் கையால் எறிகிறது என்று முதல் நாளே பார்த்துவிடுகிறீர்கள். இடக்கை என்றால் முதல் பேஸ், அவுட்ஃபீல்ட், எறி வலுவாக இருந்தால் பந்து வீசும் பிட்ச்சர். கேட்சராக, அதாவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிட்ச்சரின் பந்தைப் பிடிப்பவராக, ஆசைப்படும் எட்டு வயதுப் பிள்ளையிடம் "உனக்கு அது சரிவராது" என்கிறீர்கள். எனக்கு மனம் பொறுக்காதது அந்தச் சொல்தான்.

இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் விஷயத்தில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. அங்கே பிடிக்கும் பந்து பெரும்பாலும் முதல் பேஸுக்குத்தான் போகவேண்டும். வலக்கையர் எடுத்த வேகத்தில் எறிந்துவிடுவார். இடக்கையர் உடலைத் திருப்பி நிமிர்வதற்குள் ஓடுபவர் பேஸை மிதித்திருப்பார்.

கேட்சர் அப்படியல்ல. அடுத்த பேஸுக்குப் பாய்பவரைத் தடுக்க அவர் எறியும் இரண்டாம் பேஸ் நேர் எதிரே இருக்கிறது. வலக்கை பேட்டர் இடக்கைக் கேட்சரின் எறியும் கைப்பக்கம் நிற்பது உண்மைதான். இடக்கை பேட்டர் வந்தால் வலக்கைக் கேட்சருக்கும் அதே இடைஞ்சல்தானே? அவர்கள் பழகிக்கொள்ளவில்லையா? அதுவும் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பில் 12 வயது வரையிலான பிரிவுகளில், பந்து பேட்டரை எட்டும்வரை ஓடுபவர் பேஸை விட்டு நகரக்கூடாது; அதனால் கேட்சருக்கு எறிய நேரம் கிடைக்கும். மூன்றாம் பேஸிலிருந்து பாய்ந்து வருபவரைப் பந்தோடு தொட்டு அவுட்டாக்க, இடக்கைக் கேட்சர் வலக்கையில் மாட்டிய கையுறையை உடலுக்குக் குறுக்கே கொண்டுவர வேண்டும். இந்தச் சிரமத்தை மறுக்கவில்லை. ஆனால் இது பயிற்சியில் தீரக்கூடியது.

ஜாக் கிளெமெண்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் இடக்கைக் கேட்சராகவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். 1989இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்காக இடக்கையர் பென்னி டிஸ்டெஃபானோ மூன்று ஆட்டங்களில் அந்த இடத்தில் நின்றார். பின்னாளில் பேஸ்பாலின் பெரும் நட்சத்திரமான இடக்கையர் பேப் ரூத்தும் சிறுவனாகப் பால்டிமோர் விடுதிப் பள்ளியில் கேட்சர்தான். அவனுக்குக் கிடைத்தது வலக்கையால் எறிபவர் இடக்கையில் மாட்டும் கையுறை. அதை இடக்கையில் மாட்டிப் பந்தைப் பிடிப்பான், பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு அதே கையால் எறிவான். பிடிவாதக்காரப் பிள்ளை!

எல்லாப் பிள்ளைகளும் அப்படிப் போராட மாட்டார்கள். அணிக்குப் பொதுவாகத் தரப்படும் பையைத் திறந்து பாருங்கள்: முகக்கவசம், மார்புக்கவசம், கால்கவசம் எல்லாம் எந்தக் கைக்காரருக்கும் பொருந்தும். கேட்சர் கையுறை மட்டும் இடக்கையில் மாட்டுவதாகவே இருக்கும். வலக்கையில் மாட்டுவதும் கடையில் கிடைக்கிறது, தேடவேண்டியிருக்கும், அவ்வளவுதான். அடுத்த பருவத்துக்குச் சாமான் வாங்கும்போது அதில் ஒன்றையும் பட்டியலில் சேருங்கள். கேட்கும் இடக்கைப் பிள்ளையை ஓர் ஆட்டத்திலாவது ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்காரவையுங்கள்.

அன்புடன்,
இடக்கைப் பிள்ளை ஒன்றின் தந்தை