இரும்புக் கடைக்கு வரும் ஈய உருளை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பழைய இரும்பு வாங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். பார்வைக்குச் சிறிதாக, தூக்கினால் அளவுக்கு மீறிக் கனக்கும் ஈய உருளை வந்தால் கேஸ் வைத்து வெட்டாதீர்கள். குழாய் ஒட்டுகளைச் சோதிக்கும் கருவிகளின் கதிரியக்க மூலம் (கதிரை வெளிவிடும் பொருள்) இப்படியான கன உறைக்குள்தான் இருக்கும். மஞ்சள் பின்னணியில் உள்ள மூன்றிதழ்க் கதிரியக்க எச்சரிக்கைக் குறி காலப்போக்கில் உரிந்துபோகும்; குறி இல்லாததால் ஆபத்தில்லை என்றாகாது. (பழைய எக்ஸ்ரே இயந்திரத்துக்குப் பயப்படுவது வீண். மின்சாரம் இல்லாவிட்டால் அதில் கதிரே வராது.)

1987இல் பிரேசிலின் கோயானியாவில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருந்த உறையை உடைத்ததில் நால்வர் இறந்தனர். 2000இல் தாய்லாந்தில் கோபால்ட்-60, மூவர். இரண்டுமே பழைய இரும்புக் கடைக்குப் போன புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவிகள். செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் 1986இல் உருவான, அணு விபத்தின்போது நாடுகள் உதவிக்கொள்ளும் உடன்படிக்கையின் கீழ்தான் பிரேசில் வெளிநாட்டு உதவி கேட்டது. 2007இல் சர்வதேச அணுசக்தி முகவரகம் மண்டையோடும் ஓடும் மனிதனும் உள்ள சிவப்பு முக்கோணத்தை அறிமுகப்படுத்தியதும் எழுத்து வாசிக்காதவரும் விலகி ஓடத்தான்.

சந்தேகம் வந்தால் அப்படியே விட்டுவிட்டு, சுற்றிலும் 30 மீற்றருக்கு ஆட்களை விலக்கி, 119க்குச் சொல்லுங்கள். தூரம் இரட்டித்தால் கதிர் நாலில் ஒன்றாகும். கை கழுவும்வரை வெற்றிலையும் தேத்தண்ணியும் வேண்டாம்.

2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த அணுசக்தி ஒழுங்குபடுத்தும் பேரவை, தராசுக்குப் பக்கத்தில் ஒட்டத் தமிழில் படத்தோடு ஒரு தாள் அனுப்பட்டும்.

எக்ஸ்ரே பிரிவு ஊழியர்கள்,
ஹட்டன்