சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்: மலைக்கு முகாம் வரும் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கும், அவர்களோடு முகாமுக்கு வரும் இளம் டாக்டர்களுக்கும் வணக்கம்.

நீலகிரியில், கூடலூருக்கும் சேரம்பாடிக்கும் நடுவே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். இந்த ஆண்டும் எங்கள் பக்கம் பல் பரிசோதனை முகாம் நடத்த வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. வாருங்கள், சந்தோஷம். ஆனால் வருவதற்கு முன்னால், போன முகாமில் பார்த்த ஒரு பிள்ளைக்கு அப்புறம் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எந்தக் கல்லூரி என்று எழுதப்போவதில்லை. இதுவரை எங்கள் பள்ளிக்கு வந்த எல்லோரும் இதையேதான் செய்தார்கள்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை, எட்டு வயது. உங்களில் ஒரு பயிற்சி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை என்று சொல்லி, 'மேல் சிகிச்சைக்கு' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அரை நிமிஷம் ஆகியிருக்கும். அன்றைக்கு அந்தச் சொத்தை கடுகளவு, வலியும் இல்லை. சாயங்காலம் சீட்டைப் பார்த்த அவளுடைய அம்மா, "பால் பல்லுதானே டீச்சர், விழுந்து முளைச்சிரும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன், அது பால் பல்லே இல்லை. ஆறு வயது வாக்கில், பால் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால், முன்னால் இருந்த எந்தப் பல்லும் விழாமலே நிரந்தரப் பல் ஒன்று முளைத்துவிடுகிறது. விழுந்து முளைக்காததால் வீட்டில் யாருக்கும் அது தெரிவதில்லை. அதன் தலையில் இருக்கும் பள்ளங்களில்தான் முதலில் சொத்தை பிடிக்கிறது. உங்களுக்கு இது முதல் வருஷப் பாடமாக இருக்கும். எங்களிடம் அன்று யாரும் சொல்லவில்லை.

அம்மா கொழுந்து பறிக்கிறவர். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளுக்குக் கூலி கிடையாது. முதல் தடவை போனபோது பல் பார்க்கும் நாற்காலி பழுது. இரண்டாம் தடவை டாக்டர் வேறு ஊருக்கு மாற்றுப் பணியில் போயிருந்தார், வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து ஆடி மழையை உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றால் நின்றதுதான். அதற்குள் கன்னம் வீங்கிவிட்டது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் காலையில் ஸ்கார்ஃபைத் தாடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு பள்ளிக்கு வருவாள். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் எழுந்து நின்று கன்னத்தைப் பிடித்துக்கொள்வாள். சத்துணவில் கொண்டைக்கடலை போட்டால் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும், அந்த மாதங்களில் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பக்கத்துப் பிள்ளையின் தட்டில் போட்டுவிட்டு, சோற்றில் ரசத்தை ஊற்றிக் கரைத்து மெல்லாமல் விழுங்கினாள். மூன்றாம் தடவை போனபோது பல்லைக் காப்பாற்ற முடியாது என்று பிடுங்கிவிட்டார்கள். அறுபது எழுபது வயது வரைக்கும் அவள் மெல்ல வேண்டிய பல் அது.

ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அங்கே இருக்கிற ஒரே பல் டாக்டர் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்? என் ஆதங்கமெல்லாம் வேறு. சொத்தை கடுகளவாக இருந்த அன்று அதன் எதிரிலேயே ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் இருந்தது பேனா. அன்று எங்கள் பள்ளியில் 17 பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதினீர்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் போனது 4 பேர்.

ஆகவே கேட்பது ஒன்றுதான். சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், அங்கேயே சிகிச்சை செய்துவிட்டுப் போங்கள்.

நாற்காலியும் கம்ப்ரஸரும் கரண்டும் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். அதற்கும் வழி இருப்பதை நீங்களே கற்பிக்கிறீர்கள். மெத்துப்போன சொத்தையைக் கைக் கருவியாலேயே சுரண்டி எடுத்துவிட்டு, கிளாஸ் அயனோமர் சிமென்ட் வைத்து அடைக்கும் முறை 1980களில் தான்சானியாவில், கரண்ட் இல்லாத ஊர்களுக்காகவே உருவானது. துளை போடும் எந்திரம் வேண்டாம், பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியும் வேண்டாம், பிள்ளையை ஒரு பெஞ்சில் படுக்கவைத்தால் போதும். அந்தச் சிமென்ட் பல்லோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக, சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடையும் விடுகிறது. ஆறு வயதுப் பல்லின் பள்ளங்களில் சொத்தை வருவதற்கு முன்பே அதை வைத்து மூடிவிடவும் செய்யலாம். நரம்பு வரைக்கும் போகாத சொத்தைக்கு சில்வர் டையமின் ஃபுளோரைடு என்ற திரவ மருந்தை ஒரு துளி தடவினால் பெரும்பாலும் பரவுவது நிற்கிறது, ஒரு நிமிஷ வேலை. தடவிய இடம் கறுத்துப்போகும். அதை முன்கூட்டியே சொல்லிப் பெற்றோரிடம் சம்மதம் வாங்குவது என் பொறுப்பு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அந்தச் சிமென்ட்டையும் இந்த மருந்தையும் ஃபுளோரைடு பேஸ்ட்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரு பைக்குள் அடங்கிவிடுகிற சாமான்கள். உங்கள் பெரிய பஸ் ஏறாத தோட்டத்து ரோட்டில் பை ஏறும்.

நீங்கள் பேசுகிற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய பிளாஸ்டிக் பல்லை வைத்துக்கொண்டு காலை, இரவு இரண்டு வேளையும் துலக்குங்கள் என்று சொன்னீர்கள். பிள்ளைகள் சத்தமாக "சரி டாக்டர்" என்றார்கள். ஒருவரும் இரவில் துலக்கவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் குழாய் வெளியே இருக்கிறது. பொழுது சாய்ந்தால் யானை வரும், சிறுத்தை வரும், பிள்ளையை எந்தத் தாயும் வெளியே அனுப்பமாட்டாள். காலையில் அந்தத் தண்ணீரை வாயில் வைத்தால் பல்லெல்லாம் கூசும். ஆனால் இரவில் குழாயே தேவையில்லையாமே! துலக்கியதும் நுரையைத் துப்பிவிட்டு, கொப்பளிக்காமல் படுத்தால்தான் ஃபுளோரைடு பல்லில் தங்கும் என்று படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஒரு பழைய டப்பாவில் துப்பிவிட்டால் போதும். இதை மட்டும் சொல்லியிருந்தீர்களானால் எத்தனை வீட்டில் நடந்திருக்கும். இப்போது நான் சொல்லி, என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் செய்கிறார்கள். விடிந்ததும் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயும் வர்க்கியும்தான் இங்கே பிள்ளைகளின் முதல் ஆகாரம், கைக்குழந்தைக்கே பால் பாட்டிலில் டீ ஊற்றிக் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. இதைப் பேசுங்கள். எங்கள் வீடுகளைப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

குப்பை விஷயத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மலையேறுகிறவர்களிடம் தண்ணீர் பாட்டிலைக்கூட வாங்கி வைத்துக்கொள்ளும் மாவட்டம் இது. நீங்கள் போன மறுநாள் பிள்ளைகளும் நானும் மைதானத்தில் பொறுக்கியது பேஸ்ட் சாம்பிள் டியூப், பிளாஸ்டிக் டம்ளர், ஃபிளெக்ஸ் பேனர். எங்கள் குப்பைக் கூடையில் ரத்தம் பட்ட பஞ்சும் கையுறையும் கிடந்தன. பிள்ளைகள் தொடுவதற்குள் நான் எடுத்துத் தனியே கட்டிவைத்து, எங்கே கொடுப்பது என்று தெரியாமல் ஒரு வாரம் அலைந்தேன். மருத்துவக் கழிவைத் தனிப் பையில் பிரித்துத் திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்பது 2016 விதிகளிலேயே இருக்கிறது. தயவுசெய்து கொண்டுவந்ததைக் கொண்டுபோங்கள். இன்னொன்று, சொத்தையை அடைக்கப் பாதரசம் கலந்த அமால்கம் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம். டாக்டர் அவசியம் என்று கருதினால் ஒழிய, 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதை வைக்கக் கூடாது என்று பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2022-இல் முடிவெடுத்திருக்கின்றன, இந்தியாவும் அதில் இருக்கிறது.

எழுத எழுத நிறைய வருகிறது. அன்று கேட்டுக்கு வெளியே தாய்மார்கள் நின்றுகொண்டிருந்தார்கள், பாதிப் பேருக்கு வாயில் வெற்றிலையும் புகையிலையும். குளிருக்கும் பசிக்கும் அதை அடக்கிக்கொண்டுதான் கொழுந்து பறிக்கிறார்கள். ஒருவருக்குக் கன்னத்தின் உட்பக்கம் ஆறாத வெள்ளைத் திட்டு இருக்கிறது, காட்ட வேண்டும் என்று வந்திருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அனுமதி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மூன்று மணிக்கெல்லாம் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு வண்டி ஊட்டிக்குக் கிளம்பிவிட்டது. உங்கள் மாணவர்கள் சின்னப் பிள்ளைகள், ஊட்டி பார்க்கட்டும், அதில் எனக்குக் கோபமில்லை. இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருக்கலாம்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஆண்டுக்கு ஒரு நாள் நாற்பது பேர் வருவதற்குப் பதிலாக, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நான்கு பேர் வாருங்கள். சிகிச்சை செய்துவிட்டுப் போங்கள். வைத்த சிமென்ட் நிற்கிறதா என்று அடுத்த முறை வந்து பாருங்கள். வகுப்பறையை ஒழித்து, ஜன்னல் வெளிச்சம் விழுகிற பக்கம் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வைக்கிறோம், வெந்நீருக்கும் உங்கள் சாப்பாட்டுக்கும் தாய்மார்கள் பொறுப்பு. வருகிற தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள்.

சீட்டு வாங்கிய 17 பேரின் பெயரும் என்னிடம் இருக்கிறது. பட்டியலில் முதல் பெயர் அந்தப் பிள்ளையுடையதுதான். வலது பக்கத்து ஆறு வயதுப் பல்லிலும் இப்போது ஒரு கரும்புள்ளி தெரிகிறது, கடுகளவுதான் இருக்கும். தயவுசெய்து அவளை முதலில் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை