முப்பத்துமூன்று இல்லை, ஒன்பது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் மெக்சிகோ ஜனாதிபதி பெனிட்டோ ஹுவாரெஸ் பற்றிய கட்டுரையில், அவர் 'அமெரிக்கா இறக்கிவிட்ட ரகசிய சங்கத்தில் 33 படி ஏறியவர்' என்று போகிற போக்கில் ஒரு வரி. தங்களுக்குத் தெரியாததா? 1847 ஜனவரியில் அவர் சேர்ந்தது பிரீமேசன்கள் என்ற சகோதரத்துவச் சங்கத்தில், மெக்சிகோ தேசிய ரைட் என்ற பிரிவில், அதில் மொத்தமே ஒன்பது டிகிரிதான், அதாவது ஒன்பது படி. அந்த ஒன்பதாவதை ஸ்காட்டிஷ் ரைட் என்ற இன்னொரு பிரிவின் 33-ஆம் டிகிரிக்குச் சமம் என்பார்கள், அதை எங்கோ பார்த்து எழுதிவிட்டார்கள் போல. சரி, எண்ணை விடுங்கள், அமெரிக்கா என்றீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்போது அங்கே மேசன்கள் இரண்டு கோஷ்டி. ஸ்காட்டிஷ் ரைட் பக்கம் பழமைவாதிகள். எதிர்க்கோஷ்டி யார்க் ரைட். அதன் லாட்ஜுகளுக்கு, அதாவது மேசன்கள் கூடும் கிளைச் சங்கங்களுக்கு, நியூயார்க்கிலிருந்து சாசனம் கிடைக்க உதவியவர் அமெரிக்கத் தூதர் பாயின்செட். லாட்ஜ் என்ற பெயரில் இருவரும் நடத்தியது கட்சி, 1828 ஜனவரியில் ஸ்காட்டிஷ் தலைவர் பிராவோவை யார்க் தலைவர் கெரேரோ படையோடு போய் துலான்சிங்கோவில் பிடித்துவரும் அளவுக்கு முற்றியது. இந்த இரண்டு கோஷ்டியும் வேண்டாம், வெளிநாட்டுப் பிடியும் வேண்டாம் என்று 1825-லேயே விலகியவர்கள் தொடங்கியதுதான் தேசிய ரைட். ஆறாம் டிகிரியின் பெயரிலேயே மெக்சிகோக் கழுகு உட்கார்ந்திருக்கிறது. இதுவா அமெரிக்கச் சங்கம்?

வேலைக்காக மெக்சிகோ சிட்டியில் இருந்தவன் நான். மார்ச் 21 ஹுவாரெஸ் பிறந்தநாள். அலமேடா பூங்கா ஓரம் இருக்கும் அவருடைய வெள்ளைப் பளிங்கு நினைவுச்சின்னத்துக்கு, கறுப்புக் கோட்டின் மேல் மேசன்களின் ஏப்ரன் கட்டிய பெரியவர்கள் பட்டப்பகலில் மலர்வளையம் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஐஸ் தின்றபடி குழந்தைகள் வேடிக்கை பார்த்தன. பரம ரகசியம்தான்!

இது முதல் தடவையும் இல்லை. முன்பு மேசன்களைப் பற்றி, முக்கோணத்துக்குள் கண்ணை வரைந்து, சாத்தான் பூஜை என்று அட்டைப்படக் கட்டுரையே போட்டீர்கள். என் அப்பா மேசன் லாட்ஜில் உறுப்பினராக இருந்தவர். அவர் காலமானபின் பெட்டியில் ஏப்ரனைப் பார்த்த சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணன் மாந்திரீகமெல்லாம் பண்ணினாராடா?" என்று கேட்டார். ஆதாரம், தங்கள் இதழ். அப்போது நான் எழுதிய கடிதத்துக்கு இடமில்லை, 'அட்டைப்படம் சூப்பர்' என்று எழுதியவர்களுக்கெல்லாம் இருந்தது. சந்தா மட்டும் தவறாமல் ஏறுகிறது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம், குறுக்கெழுத்து விடைக்குக் கீழே பொடி எழுத்தில் இல்லாமல். இந்தக் கடிதத்தையும் வெட்டித்தான் போடுவீர்கள் என்றால் சித்தப்பாவை வெட்டிக்கொள்ளுங்கள், ஒன்பதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர், திருச்சி