மறதிக்கு ஆகும் பயணச் செலவு

தென்மாவட்டச் சபைகளின் மிஷனரி ஆதரவுக் குழுவினருக்கும், சபைகளின் தொகுதியான சேகரத்தின் கமிட்டியாருக்கும், சபைப் போதகர்களான ஐயர்மாருக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையில் பதினோரு ஆண்டுகளாக இருக்கும் ஒரு மிஷனரியின் மனைவி எழுதுகிறேன். விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறோம். விடுமுறை என்பது மிஷன் அலுவலகக் காகிதத்தில் உள்ள சொல். 45 நாளில் இன்றோடு 31 நாள் கழிந்துவிட்டது. என் கணவர் வீட்டில் படுத்து உறங்கிய இரவுகள் ஒன்பது. மற்ற இரவுகளில் அவர் எங்கே இருந்தார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் ஊர்களில்தான் இருந்தார்.

இதை எழுதும்படி அவர் கேட்கவில்லை. எழுதப்போகிறேன் என்றதும், "பார்த்து எழுது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திசையன்விளை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். பார்த்துத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. மூத்தவன் பாதி எழுதிவிட்டுப் போட்ட கணக்கு நோட்டு. முன்பக்கத்தில் பின்னங்கள், பின்பக்கத்திலிருந்து உங்கள் பெயர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதேபோல் ஊர் ஊராக வந்தபோது 64 பேர் எங்கள் பணிக்கு மாதக் காணிக்கை தருவதாக அட்டை நிரப்பிக் கொடுத்தீர்கள். கடைசிப் பாட்டு பாடும்போது கோவில் ஊழியரான கோவில்பிள்ளை வரிசை வரிசையாக நீட்டுவாரே, அந்த அட்டைதான். பெயர், முகவரி, மாதம் எவ்வளவு, எத்தனை ஆண்டு. ஒருவர் 1,000 என்று எழுதி, அருகில் இருந்த மனைவி முழங்கையால் இடித்ததும் ஒரு சைபரை அடித்துவிட்டார். நான் பக்கத்து வரிசையில் இருந்தேன். எனக்கு அந்த அக்காவைப் பிடித்துப்போயிற்று, ஏனென்றால் அந்த 100 ரூபாய் இன்றுவரை வருகிறது.

மற்றவை? நான்காம் மாதத்தில் நோட்டில் வெற்றுக் கட்டங்கள் தொடங்குகின்றன. தீபாவளி, பள்ளி திறப்பு, வீட்டில் ஒரு கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு; காரணங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல, நானும் இந்த ஊர்க்காரிதான். இரண்டாம் ஆண்டு முடிவில் 64 என்பது 19 ஆனது. யாரும் கோபித்துக்கொண்டு நிறுத்தவில்லை. யாரும் நிறுத்துகிறேன் என்று சொல்லவும் இல்லை. அதுதான் விஷயம்.

வெளிநாட்டிலிருந்து எங்களுக்குப் பணம் வருகிறது என்று இன்னும் நம்புகிறவர்கள் உங்களிலேயே உண்டு. எங்கள் பணிக்கு ஒரு பைசா அப்படி வருவதில்லை. மாதப்படி, மலையில் நடக்கும் மாலைப் பள்ளியின் செலவு, விடுதியில் இருக்கும் பிள்ளைகளின் கட்டணம் எல்லாம் உங்கள் அட்டைகளிலிருந்தும், நீங்கள் சமைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துப் போடும் அடுப்படி அரிசிப் பானையிலிருந்தும் வருகின்றன. குறைந்தால் அலுவலகத்திலிருந்து போன் வரும்: "இந்த விடுமுறையில் கொஞ்சம் கூட்டங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்." அந்தக் கொஞ்சம்தான் 22 இரவுகள். நீங்கள் மறப்பதற்கு ஆகும் பயணச் செலவை நாங்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சொல்கிறேன். சபையின் பெயர் வேண்டாம். காலை நான்கரைக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி, புரொஜெக்டரை மடியில் வைத்துக்கொண்டு போனோம். சின்னவள் என் தோளில் வாந்தி எடுத்தாள். ஆராதனையில் எங்களுக்கு இருபது நிமிடம் என்று பேச்சு. அன்று ஞானஸ்நானம் இரண்டு, நடக்கப்போகும் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலை ஒன்று, சபையார் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகைக்கு யார் யார் எத்தனை மூட்டை அரிசி என்ற அறிவிப்பு, அதில் ஒரு சின்னச் சச்சரவு. எங்கள் முறை வந்தபோது ஐயர் குனிந்து, "ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள் தம்பி" என்றார். புரொஜெக்டரைப் பையிலிருந்து எடுக்கவே ஐந்து நிமிடம் ஆகும். என் கணவர் எழுந்து, ஊர்ப் பெயரைச் சொல்லி, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கவரில் 300 ரூபாய் இருந்தது. போக வர பஸ்ஸுக்கு 340. சாப்பாடு மட்டும் பிரமாதம். குறை சொல்லக் கூடாது, எந்த வீட்டுக்குப் போனாலும் கோழிக்குழம்பு வைத்துவிடுகிறீர்கள். பதினெட்டு நாள் தொடர்ந்து கோழிக்குழம்பு சாப்பிட்ட குழந்தையின் வயிறு என்ன ஆகும் என்பதையும் ஒரு தாயாக உங்களிடம் சொல்லிவிடுகிறேன். ரசம் போதும்.

சேலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கை கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தால், "காணிக்கைப் பணம் நன்றாகத்தான் போகிறது" என்று பின்வரிசையில் காது கேட்கப் பேசுகிறார்கள். சாயம் போன சேலையில் வந்தால் ஒரு பெரியம்மா தனியே அழைத்து, "சபைக்கு முன்னால் நிற்கிறவள் இப்படியா வருவது" என்கிறார். அதோடு ஒரு பை நிறையப் பழந்துணியும் தருகிறார். போன முறை அந்தப் பையில் ஜார் இல்லாத ஒரு மிக்சி இருந்தது. எங்கள் மலைக்கு அப்போது மின்சாரமும் இல்லை, ஆகையால் ஜார் இல்லாதது ஒரு பெரிய குறையாகத் தெரியவில்லை.

சிரிப்பதற்குச் சொன்னேன். சிரிக்க முடியாதது பிள்ளைகள் காரியம்.

மூத்தவன் ஏழாம் வகுப்பு. மலையில் தமிழ்ப் பள்ளி கிடையாது, ஆகையால் ஆறு வயதிலிருந்து இங்கே விடுதி. ஆண்டில் பத்து மாதம் அவன் எங்களைப் பார்ப்பதில்லை. நாங்கள் வரும் 45 நாளில் அவனுக்குப் பள்ளி நடக்கிறது. ஞாயிறு மட்டும் ஓய்வு. ஞாயிறுதான் உங்களுக்கும் வேண்டும். போன வாரம் அவனையும் அழைத்துக்கொண்டு போனோம். மேடையில் அவனை நிறுத்தி, "மிஷனரி மகன் அந்த மக்களின் பாஷையில் ஒரு பாட்டுப் பாடுவான்" என்று அறிவித்துவிட்டார்கள். அவனுக்கு அந்தப் பாஷை மறந்துபோய் ஆண்டுகள் ஆகின்றன. மைக்கைப் பிடித்தபடி நின்றான். பிறகு பள்ளியில் கற்ற ஓர் இந்திப் பாட்டைப் பாடினான். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, பலமாகக் கைதட்டினீர்கள். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் பொய் சொன்னேனா அம்மா?" என்று கேட்டான். என் பிள்ளைகளை இனி மேடையேற்றாதீர்கள். காட்சிப்பொருளாக வருவதாக நாங்கள்தான் ஒப்புக்கொண்டோம், அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

சின்னவளுக்குக் கதை நேர்மாறு. ஐந்து வயது, மலையிலேயே வளர்ந்தவள். ஊருக்கு வந்த முதல் இரவு தூக்கத்தில் எழுந்து, "அமு, அமு" என்றாள். என் மாமியார், "அம்மா இதோ பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள் கண்ணே" என்று தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். அவள் கேட்டது தண்ணீர். மால்தோ மொழியில் அமு என்றால் தண்ணீர். நம் பழைய அகராதியைப் புரட்டிப் பாருங்கள்: அம் என்றாலும் நீர்தான். அங்கே நான் என்பதற்கு ஏன், நீ என்பதற்கு நீன். அந்த மக்கள் தங்களை மலேர் என்கிறார்கள், மலைக்காரர். வங்காளத்துக்கும் பீகாருக்கும் நடுவில், கங்கைக்கரையிலிருந்து எழும் குன்றுகளின் மேல் நம் மொழிக்கு ஒரு தூரத்து உறவு குடியிருக்கிறது. அந்த உறவைப் பற்றி இடையன்குடியில் இருந்த கால்டுவெல் ஐயரே எழுதியிருக்கிறார். இடையன்குடிக்குப் பக்கத்து ஊர்களுக்கு நாங்கள் கூட்டத்துக்கு வந்தால், "காட்டுமிராண்டிகளாக இருந்தார்களா, இப்போது திருந்திவிட்டார்களா?" என்று கேட்கிறீர்கள்.

இந்தக் கேள்விக்கு இவர் ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொல்கிறார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மக்காச்சோளமும் தட்டைப்பயறும் விதைத்து, வாரச் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்று, கந்துவட்டிக்காரனிடம் பாதியை இழந்து வரும் மனிதர்கள் அவர்கள். காலா அசார் என்ற காய்ச்சல் அங்கே வீடுகளைக் காலி செய்திருக்கிறது. மணல் ஈ கடித்து வரும், மண்ணீரல் வீங்கும், மருந்து உண்டு, ஆனால் நேரத்துக்குக் கீழே இறங்கிவர வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கணவனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மலை இறங்கினாள், மறு முனையைப் பிடித்தவன் அவளுடைய பன்னிரண்டு வயது மகன். ஒரு கமிட்டி அண்ணாச்சி எங்களிடம், "சாட்சியில் கொஞ்சம் உருக்கமாக ஏதாவது சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் அட்டை நிரம்பும்" என்று யோசனை சொன்னார். அந்தப் பெண்ணை நாங்கள் மேடையில் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டேன், அதுவும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

இதோடு சேர்ந்த ஒன்று: படங்கள். இவர் திரையில் காட்டும் படங்களைக் கைபேசியில் எடுத்து, "ஆத்தும அறுவடை" என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் அனுப்புகிறீர்கள். போன ஆண்டு அப்படிப் போட்ட ஒரு படம் மூன்றே நாளில் எங்கள் மலையடிவாரத்து டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. அது மாலைப் பள்ளியில் எழுத்துக் கற்கும் பெண்களின் படம். ஜார்க்கண்டில் 2017-இல் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மதச் சுதந்திரச் சட்டம் வந்த பிறகு அந்தத் தலைப்புக்கு என்ன பொருள் கற்பிக்கப்படும் என்பதை யோசியுங்கள். விசாரணைக்கு வருகிறவர்கள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டமாட்டார்கள். இந்த விடுமுறையில் புரொஜெக்டரில் மனித முகங்களே வேண்டாம் என்று நான்தான் இவரிடம் சொன்னேன். மலையும் மக்காச்சோளமும் மட்டும் காட்டுகிறார். "படம் சுவாரசியமாக இல்லை" என்று இரண்டு ஊர்களில் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

கொடுப்பது என்பது நமக்குப் புதிய காரியமா? களக்காட்டுப் பக்கம் இருக்கும் டோனாவூரின் பெயரே ஓர் ஆதரவாளரின் பெயர்தான். ஜெர்மானியப் பிரபு டோனா, அந்நாளில் இங்கே ஊழியம் செய்த மிஷனரி ரேனியஸ் ஐயருக்குப் பணம் அனுப்பினார். ஊர் அவர் பெயரைச் சுமக்கிறது. வாங்கிய கை கொடுக்கும் கையாகவும் மாறியது. 1903-இல், பின்னாளில் பிஷப்பான அசரியாவும் தோழர்களும் பாளையங்கோட்டையில் மிஷனரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு இங்கிருந்தே ஆளும் பணமும் அனுப்பினார்கள். பஞ்சமும் கடனும் தெரிந்த பனையேறிக் குடும்பங்கள் அந்தப் பணத்தைக் கொடுத்தன. வேதத்தில் பிலிப்பி சபையார் அப்போஸ்தலன் பவுலுக்கு ஒரு தரம் அனுப்பிவிட்டு விட்டுவிடவில்லை, தெசலோனிக்கேயில் இருந்தபோதும் திரும்ப அனுப்பினார்கள் என்று அவரே நினைவுகூர்கிறார். அதற்காகப் பவுல் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பிலிப்பிக்குப் போய்ப் புரொஜெக்டர் போட்டதாகத் தெரியவில்லை.

என் வேண்டுகோள் எளிமையானது. 1,000 எழுத வேண்டாம், 100 எழுதுங்கள். ஆனால் எழுதியதை எழுதிய காலம்வரை அனுப்புங்கள். முடியாமல் போனால் வெட்கப்படாமல் ஒரு வரி சொல்லுங்கள். கமிட்டியாரே, அட்டைகளை வாங்கி எங்கள் பையில் போட்டதோடு உங்கள் வேலை முடிந்துவிடுவதில்லை. சபைக்கு ஒருவர் மாதம் ஒரு முறை அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்து, விட்டுப்போனவர் வீட்டுக்கு நடந்து போய்வந்தால் போதும். இரண்டு தெரு நடக்கும் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாததால்தான், நாங்கள் ஹவுரா வண்டியில் இரண்டு நாள் உட்கார்ந்து வருகிறோம்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஓர் ஆச்சி இருக்கிறார். ஒன்பது ஆண்டுகளாக மாதம் 50 ரூபாய். முன்பு மணியார்டர், இப்போது பேரன் கைபேசியில் தட்டி அனுப்புகிறான். ஒரு மாதம் கூட மறந்ததில்லை. 2020-இல் பீடிக் கம்பெனி மூடிக் கிடந்தபோது இரண்டு மாதம் சேர்த்து 40 ரூபாய் வந்தது, கூடவே "மீதி பிறகு" என்று ஒரு செய்தி. போன வாரம் அவர் வீட்டுக்குப் போனோம். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை சபை எழும்பியது என்று அவர் கேட்கவில்லை. மடியில் முறத்தை வைத்து இலை வெட்டிக்கொண்டே, "அங்கே தண்ணீருக்கு எவ்வளவு தூரம் போகிறாய்?" என்று என்னிடம் கேட்டார். கீழே ஊற்று, இருபது நிமிடம், ஏறும்போது அரை மணி என்றேன். "குடமா, தூக்குவாளியா?" என்றார். சின்னவள் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு "அமு" என்றாள். ஆச்சி எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். எப்படிப் புரிந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

வரும் ஞாயிறு நாங்கள் எந்த ஊருக்கும் வரவில்லை. ஏற்கெனவே தேதி கொடுத்திருந்த சபையார் மன்னிக்க வேண்டும். மூத்தவனை விடுதியிலிருந்து அழைத்து வருகிறோம், அவன் அப்பாவோடு குளத்துக்கு மீன் பிடிக்கப் போகவேண்டும் என்கிறான். அதற்கடுத்த ஞாயிறு சொன்னபடி வருவோம். பிறகு வண்டி ஏறுகிறோம். அட்டையை நிறுத்திக்கொள்ள நினைக்கிறவர்கள் அதற்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நோட்டைத் திருத்தி எடுத்துக்கொண்டு போவேன்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி,
ராஜ்மகால் மலையிலிருந்து விடுமுறையில் வந்திருப்பவள்